மஞ்சள் பட்ட வாக்குச்சீட்டு

நல்ல காரியத்துக்கு வெளியே போகிற கடிதமானாலும் சரி, நல்ல செய்தியோடு வந்து வீட்டில் தங்கிவிட்ட கடிதமானாலும் சரி, நகுலேஸ்வரியின் கையில் மஞ்சள் வாங்காமல் தப்பியதில்லை. சின்னக் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். விரலால் தொட்டுக் கடதாசியின் நாலு மூலையிலும் வைப்பாள். பிறகு அலுமாரித் தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் அது ஒரு பொழுதாவது இருக்கவேண்டும். மனோர் பார்க்கில் அந்த வீட்டுக்குக் குடிவந்த பதினொரு வருடத்தில் வங்கிக்காரர், மகளுடைய பள்ளிக்கூடம், வேலையிடம் என்று எத்தனையோ பேர் அந்த மஞ்சள் மூலைகளைக் கண்டிருப்பார்கள். இது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்துக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. 1991இல் அவளும் கணவர் ஞானேஸ்வரனும் லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார்கள். முதல் விண்ணப்பம் மஞ்சள் இல்லாமல் போனது. ஏலாது என்று பதில் வந்தது. மேன்முறையீட்டுக் கடிதம் மஞ்சளோடு போனது; இருக்கலாம் என்று வந்தது.

"ரெண்டாந்தரம் லோயர் நல்லாய் எழுதினவர்" என்பார் ஞானேஸ்வரன்.

"முதலும் அவர்தானே எழுதினவர்?" என்பாள் நகுலேஸ்வரி.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. லண்டனில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் காலை ஆறு மணி தொடக்கம் இரண்டு மணி வரை வேலை. கையில் உறை, தலையில் வலை, முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிற பாண் துண்டுகள். அங்கே வாய்க்கு வேலையில்லை, கண்ணுக்கும் கைக்கும்தான். சூப்பர்வைசர் எந்த நாளில் எரிந்து விழுவான், எந்த நாளில் சிரிப்பான் என்பதை அவன் கதவைத் திறக்கிற சத்தத்திலேயே அறிந்துவிடுவாள். ஆங்கிலத்தில் கதைக்கவேண்டிய இடங்களில் கணவர் கதைப்பார். அவர் இல்லாவிட்டால் மகள் துஷ்யா. 2004இல் துஷ்யா பல்கலைக்கழகத்துக்கென்று லெஸ்டருக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் மே ஐந்தாம் திகதி பொதுத்தேர்தல் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் கதவு இடுக்கு வழியாக ஒரு துண்டுப் பிரசுரம் வந்து விழுந்தது. வாக்களிப்பு நிலையத்துக்குப் போகாமல் தபாலில் வாக்களிக்கலாம். விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. காரணம் சொல்லத் தேவையில்லை. நகுலேஸ்வரி அதை மேசையில் விரித்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். காரணம் சொல்லத் தேவையில்லை என்ற இடத்தில் விரல் நின்றது.

தேர்தல் என்றால் ஞானேஸ்வரன் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து வந்து, சேர்ட்டை மாற்றிக்கொண்டு, தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். "நீரும் வாருமன்" என்று கூப்பிடுவார். "அடுப்பிலை சோறு கிடக்கு" என்பாள். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏறிய நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அடுப்பில் சோறு கிடந்தது.

உண்மையில் சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு பட்டியல், பெயர் தேடி வரி வரியாகப் பட்டியலில் ஓடுகிற ஒரு அடிமட்டம். அதற்கு முன்னால் போய் நின்று பெயர் சொல்ல அவளுக்குப் பயம். ஏன் பயம் என்று கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து அனுப்பினாள். தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வாக்குச்சீட்டு வந்துவிட்டது. மஞ்சளின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

உறைக்குள் அறிவுறுத்தல் தாளைத் தவிர நாலு சாமான் இருந்தன. ஒரு வாக்குச்சீட்டு, சின்ன உறை, பெரிய உறை, 'இது நான்தான்' என்று கையெழுத்து வைக்கிற ஒரு பத்திரம். அந்தப் பத்திரத்தில் ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து முழுகி, விளக்கேற்றி, மேசைக்கு முன்னால் தனியாக இருந்தாள். சீட்டில் ஆட்களின் பெயர்கள் மேலிருந்து கீழே வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் வலது பக்கத்தில் ஒரு பெட்டி. யாருக்கு என்பதை ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ஒரு பெட்டியில் புள்ளடி போட்டாள். ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு கோடு. நாற்பத்து மூன்று வயதில் அவள் போட்ட முதலாவது புள்ளடி.

அதன் பிறகு கை தன் பாட்டில் மஞ்சள் கிண்ணத்துக்குப் போனது. நாலு மூலை. ஈரம் காயுமுன் சீட்டை மடித்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, பறக்காமல் இருக்க விபூதித் தட்டை மேலே ஏற்றினாள்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு றோஸ்மலரைக் கேட்டிருந்தாள். றோஸ்மலர் குருநகர்க்காரி, பாரிசில் ஒன்பது வருடம் இருந்து பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து, பிறகு லண்டனுக்கு மாறி வந்தவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசை முடிந்து நேரே வந்தாள்.

"எனக்கே இந்த எலெக்சனிலை வோட்டில்லை அக்கா. பிரெஞ்சுக்காரருக்குக் கவுன்சில் எலெக்சன்தானாம். நான் சாட்சி வைச்சால் செல்லுமோ?"

"என்னைத் தெரிஞ்ச ஆள் ஆரும் வைக்கலாம் எண்டு போட்டிருக்கு."

"அப்ப சரி. வோட்டுத்தான் தரேல்லை, பேனையையாவது தாறாங்களே."

சீட்டின் பின்பக்கத்தில் ஒரு இலக்கம் இருந்தது. அதைச் சாட்சிக்குக் காட்டவேண்டும். நகுலேஸ்வரி பிள்ளையாரின் முன்னாலிருந்து மடிப்போடு எடுத்து வந்து, பின்பக்கம் தெரிய நீட்டினாள்.

றோஸ்மலர் இலக்கத்தைப் பார்க்கவில்லை. "உது என்ன நகுலக்கா, கலியாணக் கார்டே?"

மஞ்சள் மறுபக்கத்துக்கு ஊறியிருந்தது. நகுலேஸ்வரி சீட்டைத் தன் பக்கமாகத் திறந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை விரல்நுனி அளவாக இருந்த பொட்டுகள், தட்டின் பாரத்தில் நசிந்து, பெரிய கறைகளாகப் படர்ந்திருந்தன. வலது பக்க மூலை இரண்டும்தான் மோசம். மேலே இருந்தது முதலாவது ஆளின் பெட்டிக்குள் போயிருந்தது. கீழே இருந்தது கடைசி ஆளின் பெட்டியை நிரப்பியிருந்தது.

"முதல் பெட்டியிலையும் பட்டிருக்கு றோசு. கடைசிப் பெட்டியிலையும்."

"உங்கடை புள்ளடி?"

"அது நடுவிலை" என்று சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

"நடுவிலையோ? மூண்டாவதோ, நாலாவதோ?"

"உனக்கேன்?"

"சரி, சரி. அப்ப மொத்தம் மூண்டு வோட்டு. ஒண்டு உங்கடை. மற்ற ரெண்டும் பிள்ளையார் போட்டது. அவருக்கு இஞ்சை பதிவு இருக்கோ அக்கா?"

மற்ற நேரமென்றால் நகுலேஸ்வரி சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் றோஸ்மலரின் சிரிப்பும் நின்றது. உறையோடு வந்த அறிவுறுத்தலை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். வேறு எந்த அடையாளமும் போடவேண்டாம், போட்டால் உங்கள் வாக்கு எண்ணப்படாமல் போகலாம் என்று அதில் இருந்தது. நகுலேஸ்வரி அந்த வரியையும் வெள்ளிக்கிழமை வாசித்தவள்தான். மஞ்சள் ஒரு அடையாளம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"துடைச்சுப் பாப்பம்" என்று றோஸ்மலர் எழும்பி, குசினியில் பாத்திரம் கழுவுகிற சோப்பை ரிஷுத் தாளில் தொட்டு வந்து, பின்பக்கத்தின் கீழ்மூலையில் தேய்த்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன நடக்கும் என்று நகுலேஸ்வரிக்குத் தெரியும். சொல்ல வாய் வருமுன் றோஸ்மலரின் கை போய்விட்டது. அந்த மூலை செக்கச்செவேல் என்று சிவந்தது.

றோஸ்மலர் ரிஷுவைச் சுருட்டி உள்ளங்கைக்குள் ஒளித்தாள்.

"இனி ஆலாத்தி எடுக்கிறதுதான் மிச்சம்" என்றாள் றோஸ்மலர், மிக மெதுவாக.

அறிவுறுத்தலின் பின்பக்கத்தில் இன்னொரு பந்தி இருந்தது. சீட்டைத் தவறுதலாகப் பழுதாக்கிவிட்டால், எல்லாவற்றையும் தேர்தல் அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வேறு சீட்டுக் கேட்கலாம். றோஸ்மலர் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். அடுத்த நாள் திங்கட்கிழமை வங்கி விடுமுறை, அலுவலகம் பூட்டு. செவ்வாய் என்றால் போகலாம். றோஸ்மலருக்குச் செவ்வாய் முழுவதும் மரக்கறிக் கடையில் வேலை.

"நீங்களே போய்க் கேளுங்கோவன் அக்கா. கடிக்க மாட்டினம்."

திங்கட்கிழமை பின்னேரம் ஞானேஸ்வரன் வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது நகுலேஸ்வரி சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். மனைவியின் மஞ்சள் ஒருநாள் இப்படி ஒரு வேலை செய்யும் என்று பதினான்கு வருடமாகக் காத்திருந்தவர்போல முதலில் சிரித்தார். பிறகு சமாதானமாகச் சொன்னார்.

"ஒரு வோட்டுத்தானே, விடும். அடுத்த முறை பாப்பம்."

அவள் தன் கோப்பையைக் கழுவப் போனவள், கழுவாமல் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

"அடுத்த முறை எண்டு எனக்கு ஏற்கெனவே ஒருக்காச் சொன்னவை" என்றாள்.

அன்றைக்குத்தான் சொன்னாள். ஊரில் அவளுக்கு இருபது வயது. முதல் வாக்கு. ஒன்றுவிட்ட அக்காவிடம் இரவல் வாங்கின சீலை. இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசை. மேசையில் இருந்தவர் அடிமட்டத்தைப் பட்டியலில் ஓடவிட்டு அவள் பெயரில் நிறுத்தினார். "உம்மடை வோட்டு விடியவே போட்டாச்சு தங்கச்சி" என்றார். யாரோ கள்ள வோட்டுப் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை ஐயா என்று சொல்லவேண்டும். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வாய் வரவில்லை. "அடுத்த முறை வெள்ளன வாரும்" என்றார் அவர். மை படாத விரலோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு போர் வந்தது; ஊரில் அவளுக்கு அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை.

"வோட்டுப் போனது பெரிசில்லை" என்றாள். "நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான்."

ஞானேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தார். "இவ்வளவு காலமும் சொல்லேல்லையே நீர்." கதிரையை முன்னால் இழுத்து, "நாளைக்கு ஷிப்டை மாத்திறன். நானும் வாறன்" என்றார்.

"வேண்டாம். நீங்கள் வந்தால் நீங்கள்தான் கதைப்பியள்."

செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் முட்டை சான்ட்விச்சுக்கு ஒட்டுகிற லேபல் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். எனக்கு வேறு சீட்டு வேண்டும். தயவு செய்து. 101 பஸ்ஸில் ஈஸ்ட் ஹாமுக்குப் போகும் வழி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே போனாள். எந்தக் கடதாசியைக் கேட்பார்களோ தெரியாது என்பதால், வீட்டிலிருந்த எல்லாப் பத்திரங்களையும் ஒரு பையில் போட்டு முதல்நாளே கட்டிவைத்திருந்தாள்.

டவுன் ஹாலில் இருந்த தேர்தல் அலுவலகத்தில் அவளுடைய முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண். மூக்குக்கண்ணாடி மணிக்கயிற்றில் தொங்கியது. நகுலேஸ்வரி மூன்று வசனத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெண்ணுக்கு அவசரமில்லை. "மெதுவாகச் சொல்லுங்கள் அம்மா" என்பதுபோலக் கையைக் காட்டினாள். நகுலேஸ்வரி இன்னொரு தரம் சொல்லி, உறையை உள்ளே தள்ளினாள்.

பெண் சீட்டைத் திறக்கவில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி, மடித்தபடியே பின்பக்கத்தைத் திருப்பினாள். மூன்று மூலை மஞ்சள், ஒரு மூலை சிவப்பு.

"இது பெயின்டா?"

"இல்லை. மஞ்சள். கடவுளுக்கு." நாலாவது வசனம், லேபலில் இல்லாதது. வந்துவிட்டது.

"சிவப்பு?"

"சோப்பு" என்றாள் நகுலேஸ்வரி.

பெண்ணின் உதடு கொஞ்சம் துடித்தது. ஆனாலும் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு, அடையாளத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நகுலேஸ்வரி பையை அவிழ்த்தாள். பாஸ்போட், விவாகப் பதிவு, இங்கே இருக்கலாம் என்று வந்த அந்தப் பழைய கடிதம், வேலைக்கு எடுத்த கடிதம், வாக்காளர் அட்டை. பெண் ஒவ்வொன்றாக விரித்தாள். எல்லாவற்றிலும் நாலு மூலை மஞ்சள். சில பழுத்துப் பழுப்பாகியிருந்தன. வாக்காளர் அட்டையில் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தது. பெண் பழுதான சீட்டை அவற்றோடு வரிசையாக வைத்துப் பார்த்தாள். இனிமேல் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது உங்களுடைய சீட்டுத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை."

ஆனாலும் பாஸ்போட்டை ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு ஒரு பட்டியலை எடுத்து, அடிமட்டத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள்.

நகுலேஸ்வரியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அடிமட்டம் ஓடியது. நின்றது. பெண் பேனையை எடுத்து எதையோ வெட்டினாள். நிமிர்ந்து, "ரத்துச் செய்துவிட்டேன்" என்றாள்.

ரத்து. அந்தச் சொல் நகுலேஸ்வரிக்கு நன்றாகவே தெரிந்த சொல். ஷிப்ட் ரத்து, பஸ் ரத்து. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நின்றதுபோலவே நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் போகக் கால் எழும்பியது. எழும்பிய காலைக் கீழே வைத்தாள்.

"என்னுடைய வாக்கை நான் இன்னும் போடவில்லை" என்றாள். ஆங்கிலம் சரியோ பிழையோ தெரியாது. சத்தம் மட்டும் அவள் நினைத்ததைவிடக் கூடப் போய்விட்டது. இருமல் நின்றது.

பெண் வியப்போடு பார்த்தாள். "போடவில்லைத்தானே. பழைய சீட்டைத்தான் ரத்துச் செய்தேன். புதியது தரவேண்டுமே." பழையதைத் தனி உறையில் போட்டு ஒட்டினாள். பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து, புதுச் சீட்டு, புதுப் பத்திரம், இரண்டு புது உறை எல்லாவற்றையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினாள். தபாலில் அனுப்ப இனி நேரமில்லை. வியாழக்கிழமை இரவு பத்து மணிக்குள் உங்கள் தெரு வாக்களிப்பு நிலையத்திலேயே கொடுத்துவிடலாம் என்றாள். கடைசியாக விரலை ஆட்டி, "கறுப்புப் பேனை மட்டும். மஞ்சள் வேண்டாம்" என்றாள்.

"மஞ்சள் வேண்டாம்" என்றாள் நகுலேஸ்வரி.

பஸ்ஸில் ஏறிப் பையை மடியில் வைத்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த கிழவர் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

புதன்கிழமை றோஸ்மலர் இன்னொரு தரம் சாட்சிக்கு வந்தாள். அலுமாரித் தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் இந்த முறை ஒரு கறுப்புப் பேனை மட்டும் கிடந்தது. மூடியில் ஒரு மஞ்சள் பொட்டு, காய்ந்தது. நகுலேஸ்வரி விரலைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, பிறகுதான் சீட்டைத் தொட்டாள். றோஸ்மலரைச் சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னாள்.

"நடுவிலை எண்டது எனக்குத் தெரியும்தானே" என்றாள் றோஸ்மலர் சுவரைப் பார்த்தபடி.

"மாத்திப் போட்டுட்டன்."

"மெய்யே? ஆருக்கு?"

"சுவரைப் பார்."

வியாழக்கிழமை ஞானேஸ்வரன் வேலையால் வந்து சேர்ட்டை மாற்றினார். கூப்பிடலாமா விடலாமா என்று வாசலில் நின்று யோசித்தார். நகுலேஸ்வரி கோட்டைப் போட்டுக்கொண்டு உறையோடு வந்து நின்றாள்.

"அடுப்பிலை சோறு?"

"இன்னும் போடேல்லை. வந்துதான்."

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை இருந்தது, பட்டியல் இருந்தது, அடிமட்டமும் இருந்தது. அது ஞானேஸ்வரனின் பெயருக்கு ஓடியது. நகுலேஸ்வரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. உறையை வாங்கினார்கள், ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், நன்றி என்றார்கள். வெளியே வந்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. கடையில் இரண்டு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. நகுலேஸ்வரியின் பெயர் இப்போது தபால் வாக்காளர் பட்டியலில் நிரந்தரமாக இருக்கிறது. சாட்சி தேவையில்லை என்று சட்டம் மாறிவிட்டது. பிறந்த திகதியும் கையெழுத்தும் போதும். றோஸ்மலருக்கும் கவுன்சில், மேயர் தேர்தல்களுக்குத் தபாலில் சீட்டு வருகிறது. இருவரும் ஒரே மேசையில் முதுகுக்கு முதுகு இருந்து போடுகிறார்கள். வீட்டிலிருந்து போகிற மற்றக் கடிதங்களுக்கு முன்போலவே நாலு மூலையிலும் மஞ்சள் உண்டு. வாக்குச்சீட்டுக்கு இல்லை, பேனைக்குத்தான்.